மாட்டுத் திசு வால்வு: 12 ஆண்டு சுமந்தவனின் மதிப்பீடு

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் 32 ஆண்டுகள் மேற்பார்வையாளராக இருந்தவன் நான். 2012இல், என் 61ஆம் வயதில், சுருங்கிப்போன பெருந்தமனி வால்வை வெட்டியெடுத்துவிட்டு, மாட்டின் இதய உறையில் செய்த வால்வைத் தைத்தார்கள். உலோக வால்வு என்றால் ஆயுள் முழுக்க, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை. எனக்கோ வயிற்றுப்புண்ணில் ஒருமுறை ரத்தம் கசிந்திருந்தது. ஆகவே மாடு. அந்த முடிவில் இன்றும் வருத்தமில்லை.

"இதை எதில் பதப்படுத்துகிறார்கள்?" என்று அறுவை மருத்துவரைக் கேட்டேன். "குளுட்டரால்டிஹைடு" என்றார். சிரித்துவிட்டேன். எங்கள் கிடங்கில் கேன் கேனாக நின்ற சரக்கு அது. மூடியைத் திறந்தால் கண் எரியும். திசுவிலுள்ள கொலாஜன் என்ற புரத இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து, அழுகாமல் காப்பதுதான் அதன் வேலை.

ஒன்பது ஆண்டுகள் வால்வு இருப்பதே தெரியவில்லை. பிறகு ஒருநாள் ரயில் நிலைய மேம்பாலத்தில் பாதியிலேயே மூச்சு வாங்கியது. வயது என்று விட்டுவிட்டேன். 2024இல் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்தபோது, அறுவை முடிந்த புதிதில் 12 ஆக இருந்த கிரேடியன்ட், அதாவது வால்வின் இருபுறமும் உள்ள ரத்த அழுத்த வித்தியாசம், 44இல் நின்றது. திரையில் வால்வின் மூன்று இதழ்களில் இரண்டு அசையவே இல்லை. ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். "சுண்ணாம்பு படிந்துவிட்டது" என்றார் மருத்துவர்.

இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தொழிற்சாலையில் முடி கழற்றுவதற்காகத் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைப்போம். பிறகு அந்தச் சுண்ணாம்பை எடுப்பதற்குப் படாத பாடுபடுவோம். தோலின் ஓரத்தைக் கத்தியால் சீவி, வெட்டுவாயில் ஃபீனால்ப்தலீன் ஒரு சொட்டு விடுவேன். சிவந்தால் உள்ளே சுண்ணாம்பு மிச்சம். தொட்டிக்கே திருப்பி அனுப்புவேன். நெஞ்சுக்குள் நடப்பது நேர் எதிர். பதப்படுத்தும் மருந்து திசுவிலுள்ள செல்களைக் கொன்றுவிடுகிறது. உயிருள்ள செல் கால்சியத்தை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். செத்த செல்லுக்கு அந்தத் திராணி இல்லை. அதன் சவ்விலுள்ள பாஸ்பரஸோடு ரத்தத்தின் கால்சியம் சேர்ந்து படிகமாகிறது. பிணையாமல் மிஞ்சிய மருந்தும் அதற்குத் துணைபோகிறது. போதாக்குறைக்கு, நாளுக்குச் சுமார் ஒரு லட்சம் முறை மடங்கி விரிகிற இதழ் அது. மடிப்பில் இழை விட்டால் தைக்க உள்ளே ஆளில்லை. எந்தச் செருப்பும் இந்த உழைப்புக்கு ஓராண்டு தாங்காது.

இளவயதில் சுண்ணாம்பு இன்னும் வேகமாகப் படியும். முப்பத்தைந்து வயதான என் தங்கை மகன், "மாமா, எனக்கும் இதையே வைத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டபோது, உலோக வால்வைப் பற்றியும் மருத்துவரிடம் நன்றாகக் கேள் என்றேன்.

என் குறை வால்வின் மேல் அல்ல. ஆண்டுதோறும் எக்கோ எடுக்கவேண்டும் என்று வீட்டுக்கு அனுப்பிய சீட்டில் ஒரு வரிகூட இல்லை. நான்கு ஆண்டுகள் அந்தப் பக்கமே போகாதது என் சோம்பல், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம்.

இப்போது தொடை ரத்தக்குழாய் வழியாகப் புது வால்வு வைத்திருக்கிறார்கள். பழையதை எடுக்கவில்லை; அதற்குள்ளேயே இது விரிந்து, பழைய இதழ்களை ஓரத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இதுவும் மாடுதான். சுண்ணாம்பு எளிதில் படியாதபடி பதப்படுத்தியது என்று கையேட்டில் போட்டிருக்கிறார்கள். ஒரு ஓரத்தைச் சீவி, ஒரு சொட்டு விட்டுப் பார்க்கக் கை துறுதுறுக்கிறது.