டைம் கிளாஸ் பழக மூன்று வழிகள்: எது எங்கே கைகொடுக்கும்?

ஆங்கிலம் ஓரளவு சரளமாக வந்த பிறகும் பலருக்கு நாக்கு இடறும் இடம் டைம் கிளாஸ் (time clause), அதாவது நேரத்தைச் சொல்லும் துணை வாக்கியம். 'வீட்டுக்குப் போனதும் உனக்கு போன் செய்கிறேன்' என்று சொல்ல நினைத்து, 'வென் ஐ வில் ரீச் ஹோம், ஐ வில் கால் யூ' என்கிறார்கள். கேட்பவருக்குப் புரிந்துவிடும். ஆனால் முதல் 'வில்' அங்கே வரக்கூடாது. 'வென் ஐ ரீச் ஹோம், ஐ வில் கால் யூ' என்பதுதான் சரி.

வென், வைல், பிஃபோர், ஆஃப்டர், அண்டில், சின்ஸ், ஒன்ஸ், ஆஸ் ஸூன் ஆஸ், பை த டைம் போன்ற சொற்களோடு தொடங்கி, மெயின் கிளாஸில் (main clause, முதன்மை வாக்கியம்) உள்ள செயல் எப்போது நடக்கிறது என்று காட்டுவது டைம் கிளாஸ். இதைக் கற்கப் பொதுவாக மூன்று வழிகள் உண்டு: இலக்கண விதியைப் படித்துப் பயிற்சி செய்வது, தமிழில் யோசித்து ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவது, முழு வாக்கியங்களைக் கேட்டும் படித்தும் அப்படியே பழகுவது. முதல் வழிக்குப் பள்ளியில் மரியாதை அதிகம், மூன்றாவதுக்கு இணையத்தில். இரண்டாவதை 'தமிழில் யோசிக்காதே' என்ற ஒரே வரியில் ஒதுக்கிவிடுகிறார்கள். அது நியாயமில்லை என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் விதி வழி. இதன் பெரிய பலம் சுருக்கம். 'வருங்காலத்தைப் பற்றிப் பேசினாலும் டைம் கிளாஸுக்குள் வில் வராது, பிரசென்ட் டென்ஸ் வரும்.' இந்த ஒரு வரி வென், பிஃபோர், ஆஃப்டர், அண்டில், ஆஸ் ஸூன் ஆஸ் எல்லாவற்றுக்கும் பொருந்தும். செயல் முழுதாக முடிந்தது என்று அழுத்திச் சொல்ல வேண்டுமானால் பிரசென்ட் பெர்ஃபெக்ட் போடலாம்: 'ஐ வில் கால் யூ வென் ஐ ஹாவ் ஃபினிஷ்ட்.' கோடிட்ட இடத்தை நிரப்பும் தேர்வுக்குத் தயாராகிறவருக்கு இதைவிட வேகமான வழி கிடையாது.

ஆனால் விதியை மட்டும் பிடித்துக்கொண்டவர் ஒரு இடத்தில் மாட்டிக்கொள்வார். 'ஐ டோண்ட் நோ வென் ஹி வில் கம்.' இதைப் பார்த்ததும், வென் இருக்கிறதே என்று வில்லை அடித்துவிடுவார். இந்த வாக்கியத்தில் வில் சரி, இருக்கத்தான் வேண்டும். காரணம், இங்கே வென் ஒரு செயலின் நேரத்தைச் சொல்லவில்லை, எனக்குத் தெரியாத விஷயம் எது என்பதைச் சொல்கிறது. இந்த வேறுபாட்டை இலக்கணப் பெயர்களை வைத்து விளக்கப் போனால் தலை சுற்றும். தமிழில் சொல்லிப் பாருங்கள், உடனே விளங்கும். 'அவன் வரும்போது சொல்கிறேன்' என்பது ஒன்று, 'அவன் எப்போது வருவான் என்று தெரியாது' என்பது வேறு. 'வரும்போது' என்று வந்தால் அது டைம் கிளாஸ், வில் வேண்டாம். 'எப்போது வருவான் என்று' என வந்தால் வில் இருக்கட்டும். ஆங்கில வென் ஒரே உருவத்தில் ஒளித்து வைத்திருக்கும் இரண்டு வேலைகளைத் தமிழ் தனித்தனியாகக் காட்டிவிடுகிறது.

அதனால்தான் தமிழ் வழியை ஒதுக்க வேண்டாம் என்கிறேன். சரி, பிறகு ஏன் அதற்குக் கெட்ட பெயர்? நாம் தமிழிலிருந்து எடுத்துப்போக வேண்டியதை விட்டுவிட்டு, எடுத்துப்போகக் கூடாததைச் சுமந்துகொண்டு போவதால்தான். 'நாளை நீ வந்த பிறகு பேசலாம்' என்கிறோம். நாளை நடக்கப்போவதுதான், ஆனாலும் 'வந்த' என்ற இறந்தகால வடிவம். 'நேற்று நீ வருவதற்கு முன் அவன் போய்விட்டான்' என்கிறோம். நேற்று நடந்து முடிந்தது, ஆனாலும் 'வருவதற்கு'. அதாவது தமிழில் துணை வாக்கியத்தில் வரும் வினையின் வடிவம் நேற்றா நாளையா என்பதைச் சொல்வதில்லை. எது முந்தியது, எது பிந்தியது என்பதை மட்டும் சொல்கிறது. நேற்றா நாளையா என்பதை முடிவிலுள்ள வினைமுற்று பார்த்துக்கொள்கிறது.

இது பிடிபட்டால் ஆங்கிலத்தின் வில் இல்லாத டைம் கிளாஸும் விசித்திரமாகத் தோன்றாது. மெயின் கிளாஸ் ஏற்கெனவே வருங்காலத்தைச் சொல்லிவிட்டது, துணை வாக்கியம் அதைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஆங்கிலம் தமிழைப் போல முழுக்க விட்டுவிடாது. நேற்றைய செயலுக்கு பாஸ்ட் டென்ஸ் கட்டாயம்: 'ஹி லெஃப்ட் பிஃபோர் யூ கேம்.' நாளைய செயலுக்கு பிரசென்ட்: 'ஹி வில் லீவ் பிஃபோர் யூ கம்.' ஆகவே தமிழிலிருந்து எது முதல், எது அடுத்தது என்ற வரிசையை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். வினை வடிவத்தைத் தமிழிலேயே விட்டுவிட வேண்டும்.

தமிழ் வழி உண்மையாகவே கவிழ்க்கும் இடமும் உண்டு. அது 'வரை'. 'மழை பெய்யும் வரை காத்திருப்போம்' என்றால் மழை இன்னும் வரவில்லை, அதற்காகக் காத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் அண்டில்: 'வீ வில் வெயிட் அண்டில் இட் ரெய்ன்ஸ்.' 'மழை பெய்யும் வரை உள்ளேயே இருப்போம்' என்றால் பெரும்பாலும் மழை பெய்துகொண்டிருக்கும் நேரம் முழுதும் என்று பொருள். இதற்கு அண்டில் போட்டால் அர்த்தமே தலைகீழாகிவிடும். ஆஸ் லாங் ஆஸ் அல்லது வைல் வேண்டும். அதேபோல 'நீ சொல்லாத வரை போகமாட்டேன்' என்று மனதில் ஓடினால், வாயில் 'அண்டில் யூ டோண்ட் டெல் மீ' என்று வந்து விழும். அண்டிலுக்குள் அந்த 'டோண்ட்' கூடாது: 'ஐ வில் நாட் லீவ் அண்டில் யூ டெல் மீ.' மறுப்பு மெயின் கிளாஸில் ஒரு முறை வந்தால் போதும்.

இன்னொன்று, தமிழில் கால இடைச்சொல்லே இல்லாமல் வினையெச்சம் வேலையை முடித்துவிடும். 'வேலையை முடித்துவிட்டு வருகிறேன்' என்பதை 'ஐ வில் ஃபினிஷ் மை வொர்க் அண்ட் கம்' என்று பலர் சொல்கிறார்கள். 'ஐ வில் கம் ஆஃப்டர் ஐ ஃபினிஷ் மை வொர்க்' என்பதுதான் இயல்பான ஆங்கிலம். 'விட்டு' என்று முடியும் இடத்திலெல்லாம் ஆஃப்டர், ஒன்ஸ் இரண்டில் ஒன்று பொருந்துமா என்று யோசிக்கப் பழகினால் இந்தச் சிக்கல் குறையும்.

இனி வாக்கிய வழி. பை த டைம், சின்ஸ் இந்த இரண்டுக்கும் இதை மிஞ்ச வேறு வழியில்லை. 'வென் வீ ரீச்ட் த ஸ்டேஷன், த ட்ரெயின் லெஃப்ட்' என்றால் நாங்கள் போய்ச் சேர்ந்தோம், அப்போதுதான் ரயில் கிளம்பியது. லெஃப்ட் என்பதை 'ஹாட் லெஃப்ட்' என்று மாற்றினால் நாங்கள் போனபோது ரயில் ஏற்கெனவே போய்விட்டது. ஒரு 'ஹாட்' கதையையே மாற்றிவிடுகிறது. பை த டைம் வரும்போது இரண்டு வாக்கியங்களை ஜோடியாக வாயில் ஏற்றிக்கொண்டால் போதும்: 'பை த டைம் வீ ரீச்ட், த ட்ரெயின் ஹாட் லெஃப்ட்.' 'பை த டைம் வீ ரீச், த ட்ரெயின் வில் ஹாவ் லெஃப்ட்.' பாஸ்ட் பெர்ஃபெக்ட், ஃபியூச்சர் பெர்ஃபெக்ட் என்று பெயர் தெரியாதவர்கூட இந்த ஜோடியை வைத்து எத்தனையோ வாக்கியம் அமைக்கலாம்.

சின்ஸும் அப்படித்தான். 'ஐ ஹாவ் நோன் ஹிம் சின்ஸ் வீ வேர் சில்ட்ரன்.' முன்பாதியில் ஹாவ் நோன், பின்பாதியில் வேர். தமிழில் 'சிறுவயதிலிருந்தே தெரியும்' என்று சாதாரணமாகச் சொல்வதால் 'ஐ நோ ஹிம்' என்றே வாய் போகும். இங்கே தமிழ் உதவாது. விதி உதவும், ஆனால் பேசும் நேரத்துக்குள் நினைவுக்கு வராது. வாக்கியம்தான் வரும். வைல் பெரிய சிக்கல் இல்லை: 'வைல் ஐ வாஸ் ஸ்லீப்பிங், த ஃபோன் ராங்' போல நாலைந்து வாக்கியம் கேட்டாலே பழகிவிடும்.

வாக்கிய வழிக்கும் ஒரு பெரிய ஓட்டை உண்டு. இருப்பதைக் காது பிடிக்கும், இல்லாததைப் பிடிக்காது. 'வென் ஐ ரீச் ஹோம்' என்று எத்தனை முறை கேட்டாலும், அங்கே வில் இல்லை என்பது பலருக்கு உறைப்பதே இல்லை. பல வருடம் ஆங்கிலப் படங்கள் பார்த்தவர்கூட 'வென் ஐ வில் ரீச்' என்று சொல்வது இதனால்தான். யாராவது ஒரு முறை அந்த விதியைச் சொல்லி, காதை அந்தப் பக்கம் திருப்பிவிட வேண்டும். அப்புறம் கேட்கும் ஒவ்வொரு வாக்கியமும் அதையே உறுதிப்படுத்தும்.

அடுத்த வாரமே தேர்வு என்றால் விதி வழியோடு நிறுத்திக்கொள்ளலாம். பேச, எழுத வேண்டும் என்றால் என் தேர்வு வாக்கிய வழிதான். விதியில் வில் பற்றிய அந்த ஒரு வரியை மட்டும் முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். எந்தச் சொல்லைப் போடுவது என்ற குழப்பம் வரும்போது மட்டும் தமிழிடம் கேளுங்கள். பயிற்சிக்குப் பெரிய புத்தகம் தேவையில்லை. படிக்கும் ஏதாவது ஒரு பக்கத்தில் டைம் கிளாஸ் உள்ள ஒரு வாக்கியத்தை எடுத்து, எந்தச் செயல் முந்தியது என்று தமிழில் சொல்லிப் பாருங்கள். பிறகு அதையே நேற்றைக்கு ஒரு முறை, நாளைக்கு ஒரு முறை ஆங்கிலத்தில் மாற்றுங்கள். கடைசியாக டைம் கிளாஸைப் பின்னால் தள்ளி, நடுவிலுள்ள கமாவை எடுத்துவிட்டுச் சொல்லுங்கள்: 'ஐ வில் கால் யூ வென் ஐ ரீச் ஹோம்.' தமிழில் துணை வாக்கியம் பெரும்பாலும் முன்னால்தான் நிற்கும் என்பதால் இந்தப் பின்வரிசை நம் வாய்க்குத் தானாக வராது. அதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்.