முதலில் ஆறா, ஆளா?

நிலக்காட்சிக்குள் ஓர் ஆளை எண்ணெய் வண்ணத்தில் தத்ரூபமாக வரைய இரண்டு வழிகள் உண்டு. காட்சியை முடித்துவிட்டு ஆளைச் சேர்ப்பது ஒன்று, இரண்டையும் ஒரே வெளிச்சத்தில் சேர்த்தே வரைவது இன்னொன்று.

முதல் வழிக்கு உதாரணம், ஆங்கில ஓவியர் ஜான் எவரெட் மில்லேயின் 'ஒஃபீலியா'. ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தில் ஆற்றில் மூழ்கிப்போகும் பெண் அவள். 1851-இல் பல மாதங்கள் இங்கிலாந்தின் ஹாக்ஸ்மில் ஆற்றங்கரையில் உட்கார்ந்து செடிகொடிகளை வரைந்தார். பெண்ணுக்கு மட்டும் இடம் விட்டுவைத்தார். அப்புறம் குளிர்காலத்தில், லண்டனில், எலிசபெத் சிடால் என்ற மாடல் பெண் தண்ணீர்த் தொட்டியில் படுத்து போஸ் கொடுத்தார். தண்ணீரைச் சூடாக்க வைத்த விளக்குகள் அணைந்துபோய், பாவம், அவருக்கு உடம்புக்கு வந்துவிட்டது. இந்த வழியில் அவசரமில்லை, முகத்தைப் பொறுமையாக வரையலாம். சிக்கல் வெளிச்சத்தில்தான். அறையின் வெளிச்சம் வேறு, ஆற்றங்கரை வெளிச்சம் வேறு. கவனிக்காவிட்டால் ஆள் வெட்டி ஒட்டியதுபோல் நிற்பார்.

இரண்டாம் வழிக்குப் பிரெஞ்சு ஓவியர் குளோத் மோனே. 1866-இல் 'தோட்டத்தில் பெண்கள்' ஓவியத்தைத் திறந்தவெளியில் தொடங்கினார். இரண்டரை மீட்டர் உயரத் துணி. மேல்பகுதி எட்டவேண்டும் என்று பள்ளம் தோண்டித் துணியை உள்ளே இறக்கினார்! வெள்ளை உடையின் நிழலில் நீலம் படிந்திருப்பதைப் பார்த்தால் அந்தப் பாடு எதற்கென்று புரியும். ஆனால் அவரும் கடைசி வேலைகளை அறைக்குள் வைத்துத்தான் முடித்தார்.

என் கட்சி மில்லே பக்கம்தான், ஒரு திருத்தத்தோடு: ஆளின் தோலிலும் உடையிலும் விழும் வெளிச்சத்தை மட்டும் அதே இடத்தில், அதே நேரத்தில், சின்ன அட்டையில் வண்ணக் குறிப்பாக எடுத்துக்கொள்வேன். வெயில் அதிகம் நகர்வதற்குள் முடிகிற வேலை அது.