ஹைகிரவுண்ட் பக்கத்து மருந்துக்கடை: கேட்டதையெல்லாம் எடுத்துத் தராத கடை

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிற சின்னக் கடை. உட்கார ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது. சாயங்கால வெயில் நேரே முகத்தில் அடிக்கும். ஆனாலும் வண்ணாரப்பேட்டையிலிருந்து இங்கேதான் வருகிறேன்.

பெரியப்பாவுக்கு மல்டிபிள் மைலோமா, எலும்பு மஜ்ஜையில் வருகிற புற்றுநோய். டாக்டர் எழுதிய தாலிடோமைடு வாங்கப் போனபோது, பில் போடுமுன் கடை அண்ணாச்சி கேட்டார்: "வீட்டுல யாரும் மாசமா இருக்காவளா தங்கச்சி?" தம்பி பொண்டாட்டி உண்டாகியிருக்கிறாள். "அவ இதத் தொடவே கூடாது, பாத்துக்கிடுங்க" என்றார். 1950களில் தூக்கமருந்தாக விற்ற இதே மருந்தைக் கர்ப்பிணிகள் குமட்டலுக்குச் சாப்பிட்டு, கைகால் வளராத பிள்ளைகள் பிறந்தார்கள். 1961-இல் விற்பனையை நிறுத்தினார்கள். பிறகு தொழுநோயில் வரும் வலிமிகுந்த கட்டிகளுக்கு உதவி, 2006-இல் அமெரிக்காவில் மைலோமாவுக்கும் அனுமதி பெற்றது. இதையெல்லாம் அவர்தான் சொன்னார். கை கால் மரத்துப்போனால் டாக்டரிடம் சொல்ல வேண்டும், ஒரு கால் மட்டும் வீங்கினால் ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றைக்கே ஓட வேண்டும் என்று மருந்துக் கவரிலேயே எழுதிக் கொடுத்தார். வேறெந்தக் கடையிலும் எனக்கு இது கிடைத்ததில்லை.

இன்னொரு நாள் அத்தானும் கூட வந்தார். புற்றுநோய்க்குக் கேட்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தியைக் காட்டி ஐவர்மெக்டின் கேட்டார். பூச்சி மாத்திரைதான், விலையும் குறைவு. சீட்டு இல்லாமல் தர மாட்டேன் என்றார் அண்ணாச்சி. அத்தானுக்குக் கோபம்: "பழைய மருந்து புது நோய்க்குக் கேக்கும்னு நீங்கதான சொன்னிய?"

"ஆய்வகக் கண்ணாடித் தட்டுல புத்துநோய் செல்லு சாவுறது வேற, மனுசனுக்குக் கேக்குறது வேற. ஆளுகளுக்குக் குடுத்து சோதிச்ச பொறவுதான் தாலிடோமைடுக்கு அனுமதி வந்துச்சு" என்றார் அண்ணாச்சி.

சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மின் கதையையும் சொன்னார். அதன்மீதும் பெரிய நம்பிக்கை இருந்தது. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற, சர்க்கரை இல்லாத 3,649 பேரை வைத்துச் சோதித்தார்கள். 2022-இல் வந்த முடிவு: நோய் திரும்புவதை அது குறைக்கவில்லை.

கையில் காசோடு பரிதவித்து நிற்கிற குடும்பத்திடம் எதையும் விற்றுவிடலாம். இவர் விற்கவில்லை, அத்தானைக் கேலியும் செய்யவில்லை. ஐவர்மெக்டின் பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதி, "டாக்டர்ட்ட கேளுங்க, அவிய எழுதினா நானே வரவழைச்சுத் தாரேன்" என்றார். அந்த ஒரு பேச்சுக்காகவே ஐந்து நட்சத்திரம் கொடுக்கிறேன்.

தாலிடோமைடு எப்போதும் இருப்பில் இருக்காது, முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஞாயிறு மத்தியானத்தோடு கடை அடைத்துவிடுவார்கள்.