தமிழ் ஆய்வேட்டுக்கு எது சரி: ஸொடேரோவா, மெண்டலியா, எண்ட்நோட்டா?

இவை மூன்றும் படித்த நூல், கட்டுரைகளின் விவரங்களைச் சேர்த்து வைத்து, ஆய்வேட்டில் சான்றுகளையும் நூற்பட்டியலையும் அமைத்துத் தரும் மென்பொருள்கள். ஆங்கிலத்தில் வரும் அறிவியல் கட்டுரைகளை மட்டும் படிப்பவர் எதை எடுத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. கட்டுரையின் டிஓஐ எண்ணை (ஒவ்வொரு கட்டுரைக்கும் தரப்படும் நிலையான இணைய அடையாள எண்) கொடுத்தால் ஆசிரியர், இதழ், ஆண்டு எல்லாம் தானாக வந்து நிரம்பிவிடும். தமிழ் நூல், பழைய இதழ், ஓலைச்சுவடி என்று போகிறவர்களுக்குத்தான் எதை எடுப்பது என்பது முக்கியம். காலாப்பட்டில் உள்ள புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் சிதம்பரத்தில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் அப்படி ஆய்வு செய்பவர்களை மனதில் வைத்தே ஒப்பிடுகிறேன்.

முதல் சிக்கல் பெயர். எல்லா மென்பொருளும் குடும்பப் பெயருக்கு ஒரு பெட்டி, சொந்தப் பெயருக்கு ஒரு பெட்டி என்றுதான் கேட்கும். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் ஏது? புதுச்சேரி வரலாறு எழுதுபவர் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைத் தொடாமல் இருக்க முடியாது. ஆங்கில மொழிபெயர்ப்பு மட்டுமே 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வந்தது. நூலகப் பட்டியலிலிருந்து அந்தப் பெயரை இறக்கினால் பல நேரம் ‘பிள்ளை’ குடும்பப் பெயராகிவிடும். தமிழறிஞர் வையாபுரிப் பிள்ளைக்கும் அதே கதிதான். இருவரும் பட்டியலில் ‘பி’யின் கீழ் போய் நிற்பார்கள்.

ஸொடேரோவில் பெயருக்குப் பக்கத்திலேயே ஒரு சிறு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் இரண்டு பெட்டியும் ஒன்றாகிவிடும். அதில் ‘ஆனந்தரங்கப் பிள்ளை’ என்று இட்டால் அப்படியே அச்சாகும், வரிசையில் ‘ஆ’வுக்கு வந்துவிடும். முன்னெழுத்து உள்ளவர்களை ‘வரதராசன், மு.’ என்றே இடலாம். இதில் ஒரு குறை உண்டு: உரைக்குள் அடைப்புக்குறியில் வரும் சான்றிலும் முன்னெழுத்து ஒட்டிக்கொண்டு வரும். அடிக்குறிப்பு முறையில் எழுதுபவர்களுக்கு அது உறுத்தாது. எண்ட்நோட்டில் பெயரின் கடைசியில் ஒரு காற்புள்ளி போட்டால் பெயரைப் பிரிக்காமல் விடும். மெண்டலியில் குடும்பப் பெயர்ப் பெட்டியிலேயே முழுப்பெயரையும் போட்டு, மற்றதைக் காலியாக விட வேண்டியதுதான்.

அடுத்தது ஓலைச்சுவடி. புதுச்சேரியில் 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் சுவடி பார்ப்பவர்கள் ஆர்.இ. என்று தொடங்கும் எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். புதுச்சேரியின் சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறியவை. அந்த எண் இல்லாமல் சான்று தந்தால், பின்னால் வருபவர் எந்தச் சுவடிக் கட்டைத் தேடுவார்? ஸொடேரோவில் கையெழுத்துப்படி என்றே ஒரு வகை இருக்கிறது. எந்தக் காப்பகம், அங்கே எந்த இடம், எந்த எண் என்று தனித்தனி இடமும் உண்டு. எண்ட்நோட்டிலும் இந்த வகை இருக்கிறது.

ஆசிரியர்கள் பலர் இருந்தால் ‘எட் ஆல்’ என்று வருவதை ‘மற்றும் பலர்’ என்று மாற்றுவதும் முடிகிற காரியம்தான். சான்று எப்படி அச்சாக வேண்டும் என்று சொல்லும் ஸ்டைல் கோப்பு ஸொடேரோவில் வெறும் உரைக்கோப்பு. அதைத் திறந்து, அந்தச் சொல்லுக்குரிய வரியைச் சேர்த்தால் போதும். எண்ட்நோட்டில் ஸ்டைலைத் திருத்த உள்ளேயே வசதி இருக்கிறது.

மெண்டலியை இப்போது புதிதாகத் தொடங்க நான் யாருக்கும் சொல்வதில்லை. 2008இல் வந்தபோது நன்றாகத்தான் இருந்தது. 2013இல் எல்செவியர் பதிப்பகம் வாங்கியது. 2018இல் நம் கணினியில் இருக்கும் தரவுத்தளத்தையே பூட்டி வைத்தார்கள், வேறு மென்பொருள் நேரடியாகப் படிக்க முடியாதபடி. 2021இல் கைபேசிச் செயலி போயிற்று. 2022இல் பழைய டெஸ்க்டாப் பதிப்பைத் தரவிறக்குவதும் நின்றது. கணக்கில் உள்நுழையாமல் தொடங்கவே முடியாது. ஐந்தாறு வருடம் சேர்க்கும் குறிப்புகளை ஒரு நிறுவனத்தின் முடிவுக்கு விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. 2 ஜிபி இலவச இடம் மட்டும் அதன் பக்கம் நிற்கிறது.

எண்ட்நோட் பழுத்த மென்பொருள். மருத்துவக் கட்டுரைகளை ஆயிரக்கணக்கில் கையாள்பவர்களுக்குப் பொருந்தும். முழு உரிமம் 200 டாலருக்கும் மேல். நிறுவனமே வாங்கித் தந்திருந்தால் எடுங்கள், கைக்காசு போட்டு வேண்டாம். வேர்டுக்குப் பதில் லேடெக் என்ற தட்டச்சு முறையில் எழுதும் கணிதம், இயற்பியல்காரர்களுக்கு ஜாப்ரெஃப் என்ற இலவச மென்பொருள் போதும்.

மற்ற எல்லோருக்கும் ஸொடேரோ. 2006இல் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் பிறந்தது, இலவசம், திறந்த மூலம். கணக்கே இல்லாமலும் இயங்கும், இணையம் போனாலும் நிற்காது. வேர்டு, லிப்ரே ஆபிஸ், கூகுள் டாக்ஸ் மூன்றோடும் சேரும்.

இலவச இடம் 300 எம்பிதான். ஸ்கேன் செய்த தமிழ் நூல்கள் நாலைந்து போட்டாலே நிரம்பிவிடலாம். ஆனால் நூல் விவரங்களும் குறிப்புகளும் அந்தக் கணக்கில் வராது, அதனால் கோப்பு ஒத்திசைவை மட்டும் நிறுத்திவிட்டு மற்றதை ஓடவிடலாம். பிடிஎஃப்களை கூகுள் டிரைவ் கோப்புறையில் வைத்து இணைப்பாகச் சேர்க்கலாம். அதற்காக ஸொடேரோவின் தரவுக் கோப்புறையையே அங்கே கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள், தரவுத்தளம் கெட்டுப்போகும். அப்புறம், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் சான்றுகளுக்கும் மென்பொருளுக்கும் உள்ள இணைப்பைத் துண்டித்து வெறும் உரையாக்குவதாக இருந்தால், துண்டிக்காத பிரதி ஒன்றைத் தனியாக எடுத்து வையுங்கள். நெறியாளர் திருத்தம் சொன்னால் அதில்தான் வேலை செய்ய முடியும்.