தொட்டி ஆட்டோமேட்டிக் போர்டு செய்து வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை (சேலம், ஏற்காடு)

தொட்டி நிறைந்ததும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் போர்டு செய்து தரும் சிறிய எலக்ட்ரானிக்ஸ் புராஜெக்ட் கடைகள் சேலத்தில் இருக்கின்றன. ஒழுங்காகச் செய்து தருகிறவர்களும் அவர்களில் உண்டு. ஆனால் ஏற்காட்டில் ஒரு வீட்டிலிருந்து சோதித்துப் பார்க்கச் சொல்லி வந்த ஒரு போர்டில், தொட்டித் தண்ணீருக்கும் 230 வோல்ட் லைனுக்கும் நடுவே எந்தத் தடுப்பும் இல்லை. குழாயைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது என்று அந்த வீட்டார் சொன்னதற்குக் காரணம் அதுதான். யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்பது அதிர்ஷ்டம் மட்டுமே.

அந்த போர்டுக்கு 8,500 ரூபாயைக் கடையில் முழுவதும் முன்பணமாக யுபிஐயில் வாங்கியிருக்கிறார்கள். '2 ஹெச்.பி. வரை தாங்கும், ஒரு வருஷம் வாரண்டி' என்பதெல்லாம் வாய்வார்த்தை. பில் இல்லை, சர்க்யூட் படமும் இல்லை. கடையில் 60 வாட் பல்பை எரிய வைத்துக் காட்டியிருக்கிறார்கள். அந்த பல்ப் எடுப்பது கால் ஆம்பியர்தான். அதை எந்த ரிலேயும் (சிறு மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) அணைத்துப் போடும். 1 ஹெச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டார் ஓடும்போதே 6, 7 ஆம்பியர் எடுக்கும். கிளம்பும் நொடியில் அதைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். அயர்ன் பாக்ஸை வைத்துக் காட்டினாலும் நம்ப வேண்டாம். 1000 வாட்டுக்கு 4.3 ஆம்பியர், கிளம்பும்போது மோட்டார் இழுப்பதுபோல அது இழுக்காது.

உள்ளே இருந்தது சர்க்கரைக் கட்டி அளவு நீல ரிலே. மேலே '10 ஆம்பியர் 250 வோல்ட்' என்று அச்சாகியிருக்கும். ஹீட்டர், பல்ப் மாதிரி லோடுக்குச் சொன்ன கணக்கு அது. மோட்டாரை நேரடியாக மாட்டினால் ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் கான்டாக்ட் (ரிலேக்குள் தொட்டுப் பிரியும் முனைகள்) பொரிந்து, ஒருநாள் இரண்டு முனையும் உருகி ஒட்டிக்கொள்ளும். பிறகு போர்டு 'ஆஃப்' என்று காட்டும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். இந்த வீட்டிலும் அப்படித்தான் தொட்டி வழிந்து, கிணறு வற்றி, மோட்டார் காய்ந்து ஓடியிருக்கிறது. கடையில் கேட்டபோது வந்த பதில்: 'லைன்ல வோல்டேஜ் ஏறி இறங்குதுங்க, நாங்க என்ன பண்றது? புது போர்டு வேணும்னா போட்டுத் தர்றோம்.' அதற்கும் தனியாகக் காசு.

ரிலே ஒட்டியதால் போனது மோட்டார். போர்டுக்கு 12 வோல்ட் சப்ளை எடுத்திருந்த விதம் உயிரையே எடுத்திருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் வைக்காமல், 1 மைக்ரோஃபாரட் 400 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்றை லைனோடு தொடரில் போட்டு, பிரிட்ஜ் ரெக்டிஃபயர் (ஏசியை டிசியாக்குவது), ஜீனர் டயோடு (வோல்டேஜை ஓர் அளவில் நிறுத்துவது) வைத்து 12 வோல்ட் எடுத்திருக்கிறார்கள். 50 ஹெர்ட்ஸில் அந்தக் கெப்பாசிட்டர் சுமார் 70 மில்லியாம்பியர் விடும். 12 வோல்ட் ரிலேயின் காயிலுக்கு (ரிலேயை இழுக்கும் கம்பிச் சுருள்) 30 மில்லியாம்பியர் போதும், ஆகவே போர்டு நன்றாகவே வேலை செய்யும். விளக்கு, கொசு பேட் போல கைபடாமல் முழுவதும் மூடிய பொருளில் இந்த முறை இருப்பது வேறு. இங்கே போர்டின் கிரவுண்டு (12 வோல்ட்டின் மைனஸ் பக்கம்) லைனோடு நேரடித் தொடர்பில் இருக்கிறது. அந்தக் கிரவுண்டைத்தான் ஸ்டீல் கம்பி வழியாகத் தொட்டித் தண்ணீரில் இறக்கியிருக்கிறார்கள். ஜிஐ பைப் இருக்கும் வீட்டில் அந்த மின்சாரம் எங்கே வந்து நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை.

உங்கள் வீட்டில் இப்படிப்பட்ட போர்டு இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். மெயினை அணைத்து, போர்டின் சப்ளை வயர் இரண்டையும் கழற்றிவிட்டு, கால் மணி நேரம் விடுங்கள். தண்ணீரில் இறங்கும் சென்சார் வயர்களையும் தொட்டிப் பக்கம் கழற்றுங்கள். மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து, ஒரு முனையை ஃபேஸ் வயரிலும் மறுமுனையை ஒவ்வொரு சென்சார் வயரிலும் வைத்துப் பாருங்கள். முனைகளை மாற்றி இன்னொரு முறை. நியூட்ரல் வயரிலும் இதே போல. பிறகு 2 மெகாஓம் நிலையில் எல்லாவற்றையும் திரும்பப் பாருங்கள். எல்லா இடத்திலும் 'ஓ.எல்.' அல்லது 1 (தொடர்பே இல்லை என்று பொருள்) என்று மட்டும் வர வேண்டும். 0.5, 0.6 என்றோ, சில நூறு கிலோ ஓம் என்றோ எங்காவது வந்தால் அந்த போர்டை மறுபடி மாட்டாதீர்கள். தொட்டியிலிருந்து கம்பியை எடுத்துவிட்டு, சுவிட்சில் கையால் போட்டு அணைத்துக்கொள்ளுங்கள். அதில் அவமானம் ஒன்றுமில்லை. வீட்டு மெயினில் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் லைனை அணைக்கும் பிரேக்கர்) இல்லையென்றால் அதையும் உடனே போடுங்கள்.

இன்னொரு கோளாறு மலைக்கே உரியது. ஏற்காட்டில் மோட்டார் பள்ளத்திலும் தொட்டி மேட்டிலுமாக, நடுவே நூறு இருநூறு மீட்டர் வயர் போவது சாதாரணம். இந்த போர்டில் அந்த வயரை மைக்ரோகன்ட்ரோலரின் (புரோகிராம்படி வேலை செய்யும் சிப்) பின்னில் நேராகச் சேர்த்து, சிப்புக்குள் இருக்கும் 20 முதல் 50 கிலோ ஓம் புல்அப்பை (பின்னை ப்ளஸ் பக்கம் இழுத்து வைக்கும் ரெசிஸ்டர்) மட்டும் நம்பியிருந்தார்கள். பக்கத்தில் போகும் மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலே அதற்குப் போதும், மோட்டார் டக்டக்கென்று விட்டுவிட்டு ஓடும். அந்த வயரில் 12 வோல்ட் அனுப்பி, 1 கிலோ ஓம் வைத்து பிசி817 ஆப்டோகப்ளர் (மின்தொடர்பு இல்லாமல் ஒளியால் சிக்னலைக் கடத்துவது) வழியாக எடுத்தால் 10 மில்லியாம்பியர் ஓடும். இரைச்சல் அதை அசைக்காது. மழைக்காலத்து இடிக்கு, லைனில் 14டி471 வேரிஸ்டர் (திடீரென்று ஏறும் வோல்டேஜை உறிஞ்சுவது) ஒன்று போடலாம். பக்கத்தில் விழும் மின்னலின் தூண்டலுக்குத்தான் அது. நேரடி அடியை எதுவும் தாங்காது.

சிப்பின் மேலிருந்த எண்ணைச் சுரண்டி, மேலே ஹாட் க்ளூ ஊற்றியிருந்தார்கள். உள்ளே இருப்பது ஏடிமெகா328பி மாதிரி சிப் என்றால், லாக் பிட் (படிக்க விடாமல் பூட்டும் அமைப்பு) போட்டபின் புரோகிராமைச் சாதாரண வழியில் படித்தெடுக்க முடியாது, அழிக்க மட்டுமே முடியும். 'கம்பெனி ரகசியம்' என்று புரோகிராமைத் தர மறுத்தால், நாளைக்கு ஒரு டைமரை மாற்றக்கூட அதே கடைக்குத்தான் போக வேண்டும். உழைப்புக்குக் கூலி வாங்குவது நியாயம். காசு கொடுத்தவரின் வீட்டில் ஓடும் சர்க்யூட்டின் படத்தை அவரிடமே மறைப்பதை ஏற்க முடியாது.

உண்மையில் பெரும்பாலான வீடுகளுக்கு மைக்ரோகன்ட்ரோலரே வேண்டியதில்லை. 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் சப்ளை, ரீட் ஃபுளோட் ஸ்விட்ச் (தண்ணீரோடு ஏறி இறங்கும் மிதவை சுவிட்ச்) இரண்டு, இரட்டைக் கான்டாக்ட் உள்ள 12 வோல்ட் ரிலே ஒன்று, ஏசி-3 கணக்கில் (மோட்டார் லோடுக்கான கணக்கு) 12 ஆம்பியருக்குக் குறையாத 230 வோல்ட் காயில் கான்டாக்டர் (மோட்டாரைப் போட்டு அணைக்கும் பெரிய ரிலே) ஒன்று, மோட்டாரின் ஆம்பியருக்கு ஏற்ற ஓவர்லோடு ரிலே (கரண்ட் மிஞ்சினால் மோட்டாரை நிறுத்துவது), இவ்வளவுதான். தண்ணீர் இறங்கும்போது கீழ் ஃபுளோட் சேர்ந்து ரிலேயை இழுக்கும். ரிலேயின் ஒரு கான்டாக்ட் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தொடரில் இருக்கும் மேல் ஃபுளோட் தொட்டி நிறைந்ததும் பிரிந்து விடுவிக்கும். மற்ற கான்டாக்ட் கான்டாக்டர் காயிலை ஓட்டும், மோட்டார் கரண்ட் ரிலே பக்கமே வராது. ரிலே காயிலின் குறுக்கே 1என்4007 டயோடு தலைகீழாக அவசியம். இல்லாவிட்டால் ரீட் முனை சீக்கிரம் கருகும். ரிலே முனை கருகாமலிருக்க, கான்டாக்டர் காயிலின் குறுக்கே 100 ஓமும் 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 கெப்பாசிட்டரும் தொடரில். பாதியில் கரண்ட் போனால் ரிலே விழுந்துவிடும், தண்ணீர் கீழ் ஃபுளோட்டுக்கு மேலே இருந்தால் திரும்ப வந்ததும் மோட்டார் தானாகக் கிளம்பாது, அது நல்லதற்கே; கீழே இருந்தால் தானாகக் கிளம்பிவிடும். 230 வோல்ட் வேலையை மட்டும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

யாரிடம் உதவி கேட்டாலும் மோட்டார் பிளேட்டில் உள்ள ஹெச்.பி., ஆம்பியர், எத்தனை ஃபேஸ், தொட்டிக்கு வயர் தூரம், போர்டின் இரண்டு பக்கப் படம், மீட்டரில் அளந்த வோல்டேஜ் எல்லாவற்றையும் முதலிலேயே கொடுங்கள். இவற்றில் ஒன்றைக்கூடக் கேட்காமல் விலை சொல்கிறவரிடம் வேலையைக் கொடுக்க வேண்டாம். பாதிப் பணம் முன்னால், மீதி உங்கள் மோட்டாரில் ஓட்டிக் காட்டிய பிறகு. சர்க்யூட் படமும் வாரண்டியும் பில்லில் எழுத்தாக வேண்டும்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் யுபிஐ ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, போர்டின் படங்கள் எதையும் அழிக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். போர்டைக் கடைக்காரர் 'பார்த்துத் தர்றோம்' என்று கேட்டால் எழுதி வாங்காமல் கொடுக்காதீர்கள், உங்கள் கையில் இருக்கும் ஆதாரம் அது ஒன்றுதான்.