துவான் மைக்கல்: பல வருடம் அரைத்த பிறகு

தூரிகை எழுத்துக்கு நான் பல வருடமாக மை அரைப்பது ஒரு துவான் மைக்கல்லில். தென் சீனாவின் குவாங்தோங் மாகாணத்தில், ட்சாவோசிங் நகரத்துப் பக்கம் கிடைக்கும் ஊதா நிறக் கல். தாங் அரசமரபுக் காலத்திலிருந்தே பேர் பெற்றது. விரலுக்கு வழவழவென்று இருக்கும். ஆனால் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு மைக்கட்டியை வைத்தால் நன்றாகப் பிடிக்கிறது. சத்தமில்லாமல் அரைபடுகிறது, மையும் மணலாக இல்லை.

சரி, செதுக்கல் வேலைக்கு வருகிறேன். மேல் ஓரத்தில் மேகக்கூட்டம், நடுவே நிலா. அந்த நிலா உளி செய்ததல்ல. துவான் கல் சிலவற்றில் பச்சையும் மஞ்சளுமாக வட்டப் புள்ளிகள் இயற்கையாகவே இருக்கும், 'கண்' என்பார்கள். அது எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்துத்தான் சிற்பி படத்தையே தீர்மானிக்கிறார். என்னுடையதில் கண்ணின் மேலிருந்த கல்லை முழுக்க எடுக்காமல், ஒரு கீற்றை மேகத்தின் வாலாக விட்டிருக்கிறார். நிலா பாதி மறைந்து நிற்கிறது. எத்தனை முறை பார்த்தும் அலுக்கவே இல்லை.

அதைவிடப் பெரிய விஷயம், அரைக்கும் இடத்தில் அவர் உளியே வைக்கவில்லை. சோங் அரசமரபுக் காலத்து எழுத்துக்கலைஞர் மி ஃபூ மைக்கல்லை மதிப்பிடும்போது மை நன்றாக அரைபட்டு வருவதை முதலில் வைத்தார், நிறத்தை அடுத்து, வேலைப்பாட்டை அதற்கும் பிறகு. நண்பர் ஒருவரின் கல்லில் டிராகன் அற்புதமாக இருக்கிறது. ஆனால் அரைக்க இடம் உள்ளங்கை அளவுகூட இல்லை, செதில் இடுக்கெல்லாம் காய்ந்த மை. அதை அலமாரியில் வைத்துப் பார்க்கலாம், தினமும் எழுத உதவாது.

என் கல்லில் மேகங்கள் ஆழமில்லாமல், விளிம்பு மழுங்கலாக இருப்பதால் கழுவுவது சுலபம். எழுதி முடித்ததும் பச்சைத் தண்ணீரில் பீர்க்கங்கூட்டால் மெதுவாகத் தேய்த்தால் போதும். வெந்நீர் வேண்டாம். மையைக் காயவிட்டால் அடுத்த நாள் புது மையில் பழைய துகள் கலந்து தூரிகை முடியில் சிக்கும்.

பழைய சுரங்கங்களில் வெட்டுவதை நிறுத்திவிட்டார்கள் என்பதால் அந்தக் கல்லுக்கு விலை அதிகம், போலியும் அதிகம். வாங்கும்போது படத்தைப் பார்ப்பதற்கு முன் நடுப்பகுதியை ஈரவிரலால் தடவிப் பாருங்கள். எண்ணெயோ மெழுகோ பூசியிருந்தால் தண்ணீர் திரண்டு ஓடும்.