பத்து வாக்கியம், இரண்டு எண்: வாழ்க்கையின் அர்த்தத்தைக் கேட்கும் வினாத்தாள் பற்றி ஒரு மதிப்பீடு

வாழ்க்கைக்கு என்ன அர்த்தம் என்று நாலு பேர் உட்கார்ந்து பேச ஆரம்பித்தால், கால் மணி நேரத்தில் பேச்சு கடவுள் உண்டா இல்லையா என்பதில் போய் நிற்கும். அதன் பிறகு யாரும் தன் வாழ்க்கையைப் பற்றிப் பேசுவதில்லை, தன் கட்சியைத்தான் பேசுகிறார்கள். இந்த முட்டுச்சந்துக்குள் போகாமல் இருக்க உதவும் கருவிகளில் 'வாழ்க்கை அர்த்த வினாத்தாள்' முக்கியமானது. மைக்கேல் ஸ்டெகர், பாட்ரிசியா ஃபிரேசியர், ஷிகேஹிரோ ஒயிஷி, மேத்யூ கேலர் ஆகிய நான்கு உளவியல் ஆய்வாளர்கள் 2006-ல் ஆங்கிலத்தில் வெளியிட்டது. அதன் ஆங்கிலப் பெயரை (Meaning in Life Questionnaire) எம்.எல்.க்யூ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். மொத்தம் பத்தே வாக்கியம், நிரப்ப ஐந்து நிமிடம் போதும். ஆராய்ச்சிக்கும் கல்விக்கும் உளவியல் ஆலோசனைக்கும் இலவசம். வணிகத்துக்குப் பயன்படுத்துவதென்றால் அனுமதி வாங்க வேண்டும்.

இதன் பெரிய பலம், அர்த்தம் எது என்று இது கேட்பதே இல்லை. உங்களுக்கு ஓர் அர்த்தம் இருக்கிறதா, அதைத் தேடிக்கொண்டிருக்கிறீர்களா என்ற இரண்டை மட்டும் கேட்கிறது. இருக்கிறது என்றால் அது கடவுளா, குழந்தையா, வேலையா, இசையா என்பது தாளுக்குத் தேவையில்லை. கருத்து வேறுபட்டவர்கள் ஒரே தாளை நிரப்ப முடிவது இதனால்தான்.

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். 1 என்றால் முற்றிலும் பொய், 7 என்றால் முற்றிலும் உண்மை, நடுவில் உள்ள 4 என்றால் உண்மையென்றோ பொய்யென்றோ சொல்ல முடியவில்லை. 1, 4, 5, 6, 9 ஆகிய ஐந்தும் 'இருப்பு' பக்கம்: என் வாழ்க்கையின் அர்த்தம் எனக்குப் புரிகிறது, என் வாழ்க்கைக்குத் தெளிவான நோக்கம் இருக்கிறது என்கிற வகை. 2, 3, 7, 8, 10 ஆகியவை 'தேடல்' பக்கம். ஒன்பதாவது வாக்கியம் மட்டும் தலைகீழ்: என் வாழ்க்கைக்குத் தெளிவான நோக்கம் எதுவும் இல்லை என்று வரும். அதற்குப் போட்ட எண்ணை 8-லிருந்து கழித்துவிட்டுத்தான் கூட்ட வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிக் கூட்டல், ஒவ்வொன்றும் 5-லிருந்து 35-க்குள் வரும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். முதலாமவர் இறைநம்பிக்கை உள்ளவர் என்று வைத்துக்கொள்வோம். 1-க்கு 6, 4-க்கு 7, 5-க்கு 6, 6-க்கு 6, 9-க்கு 2 போடுகிறார். 2 என்பது 6 ஆகிவிடும், ஆக இருப்பு 31. தேடல் வாக்கியங்களுக்கு 2, 1, 2, 2, 1 போட்டிருக்கிறார், மொத்தம் 8. இரண்டாமவர், வாழ்க்கைக்குத் தயாராக வைத்த அர்த்தம் எதுவும் கிடையாது, நாமாக உண்டாக்கிக்கொள்வதுதான் என்பவர். இருப்பு 6, 5, 7, 6, ஒன்பதாவதில் 1 என்பது 7 ஆகி, அவருக்கும் 31. தேடல் 6, 5, 6, 4, 6, மொத்தம் 27. பேச்சுக்கு உட்கார்ந்தால் இவர்கள் எதிரெதிர் அணி. தாளில் பார்த்தால், அர்த்தம் இருக்கிறது என்கிற உணர்வில் இருவருக்கும் இடையே ஒரு புள்ளி கூட வித்தியாசம் இல்லை. ஒருவர் கிடைத்ததில் நிலைத்திருக்கிறார், இன்னொருவர் கையில் இருக்கும்போதே தேடுகிறார். பேச வேண்டிய இடம் அதுதான். கடவுள் வழக்கைக் கிளப்பினால் அந்த இடம் கண்ணிலேயே படாது.

இரண்டு எண்ணையும் சேர்த்து ஒரே மொத்தமாக்குவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. முதலாமவருக்கு 31-உம் 8-உம் சேர்ந்து 39. இருப்பு 8, தேடல் 31 என்று தவித்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கும் அதே 39 வரும். இருவரையும் ஒரே தட்டில் வைக்கும் எண்ணால் எந்தப் பயனும் இல்லை. அடுத்தது, ஒன்பதாவதைத் திருப்ப மறப்பது. எல்லாவற்றிலும் உச்சத்தில் இருப்பவருக்கு 35-க்குப் பதில் 29 வரும், அடியில் இருப்பவருக்கு 5-க்குப் பதில் 11 வரும். தவறு எப்போதும் நடுவை நோக்கியே இழுப்பதால் விடை பார்வைக்கு நியாயமாகத் தெரியும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். இதைப் பிடிக்க எளிய வழி உண்டு. நாலாவதும் ஒன்பதாவதும் ஒன்றுக்கொன்று கண்ணாடி. திருப்புவதற்கு முன் இரண்டையும் கூட்டினால் 8-ஐ ஒட்டி வர வேண்டும். 12, 13 என்று வந்தால் நிரப்பியவர் ஒன்பதாவதைத் தவறாகப் படித்திருக்கிறார், திரும்பக் கேளுங்கள்.

தமிழில் அப்படித் தவறாகப் படிப்பது சுலபம். 'நோக்கம் எதுவும் இல்லை' என்ற வாக்கியத்துக்கு 'பொய்' என்று விடை சொல்வது இரட்டை மறுப்பு. நம் பேச்சு வழக்கில் 'ஆமாம், இல்லை' என்போம், 'இல்லை, இருக்கிறது' என்போம். எண்ணாகப் போடச் சொன்னால் கை தடுமாறும்.

மொழிபெயர்ப்பில் இதைவிடப் பெரிய சிக்கல்கள் இருக்கின்றன. 'வாழ்க்கையின் பொருள்' என்று எழுதினால் ஏட்டுத் தமிழில் அழகு. ஆனால் பொருள் என்றால் அர்த்தம், பண்டம், செல்வம் மூன்றும்தான். 'பொருளைத் தேடிக்கொண்டிருக்கிறேன்' என்ற வரியைப் படிப்பவர் சம்பாத்தியத்தை நினைத்து 7 போட்டால் அவர் மேல் குற்றமில்லை. 'அர்த்தம்' என்றே எழுதுவது பாதுகாப்பு. நோக்கம் என்று வரும் இடத்தில் 'குறிக்கோள்' போட்டால் தேர்வு, வேலை, வீடு என்று மனம் ஓடும். 'லட்சியம்' போட்டால், பெரிய கனவு எதுவும் இல்லாமல் நிறைவாக வாழ்பவர் தயங்கி 2 போடுவார். நோக்கம் நோக்கமாகவே இருக்கட்டும்.

தேடல் பக்கம் இன்னும் மோசம். மூல மொழியில் தேடலைக் குறிக்க மூன்று சொற்கள் மாறி மாறி வருகின்றன. தமிழில் எல்லாம் 'தேடுகிறேன்' ஆகிவிடும். நிரப்புபவர் ஏழாவதுக்கு வரும்போதே 'இதைத்தானே இரண்டாவதில் கேட்டார்கள்' என்று எரிச்சலடைவார், பத்தாவதில் படிக்காமலே எண் போடுவார். ஒரே விஷயத்தைச் சற்றே மாற்றிப் பலமுறை கேட்பதற்குக் காரணம் உண்டு: ஒரு வாக்கியத்தில் நேரும் தற்செயல் பிசகு மற்றவற்றோடு சேரும்போது அடங்கிவிடும். இதை முன்கூட்டியே ஒரு வரியில் சொல்லிவிட்டால் எரிச்சல் பாதி குறையும். இன்னொன்று, மூன்றாவதிலும் ஏழாவதிலும் 'எப்போதும்' என்ற சொல் இருக்கிறது. மொழிபெயர்க்கும்போது அதை விட்டுவிடுகிறார்கள். விட்டால் தேடல் எண் ஏறும். எப்போதாவது ஓர் இரவில் யோசிப்பவரும் இடைவிடாமல் தேடுபவரும் ஒன்றாகிவிடுவார்கள்.

நிரப்பும் நேரமும் கணக்கில் உண்டு. மனம் மகிழ்ச்சியாக இருக்கும்போது வாழ்க்கை அர்த்தமுள்ளதாகத் தோன்றும் என்பதை உளவியலாளர் லாரா கிங்கும் அவருடைய குழுவினரும் 2006-ல் காட்டினார்கள். ஆகவே நல்ல சேதி வந்த அன்றும் சண்டை போட்ட அன்றும் நிரப்ப வேண்டாம். அடுத்தவர் எட்டிப் பார்க்கிற தூரத்தில் உட்கார்ந்தும் வேண்டாம். வீட்டார் பார்க்கிறார்கள் என்றால் 'அர்த்தம் இல்லை' என்று யார் எழுதுவார்கள்?

எண்ணைப் படிப்பதில் கவனம் வேண்டும். நடுப்புள்ளி 20, எல்லாவற்றுக்கும் 4 போட்டால் அதுதான் வரும். தயாரித்தவர்கள் தரும் விளக்கக் குறிப்பு 24-ஐ எல்லையாக வைத்து, இருப்பும் தேடலும் தனித்தனியே அதற்கு மேலா கீழா என்று பார்த்து நான்கு வகை சொல்கிறது. அது சாத்தியங்களைச் சொல்லும் குறிப்பு மட்டுமே. 23-க்கும் 25-க்கும் இடையே ஒரு மனிதர் மாறிவிடுவதில்லை. தேடல் அதிகம் என்றால் குறை என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவையும் ஜப்பானையும் ஒப்பிட்டு 2008-ல் வந்த ஆய்வில், அமெரிக்கர்களிடம் தேடல் கூடக்கூட இருப்பு குறைந்தது, ஜப்பானியர்களிடம் இரண்டும் சேர்ந்தே கூடின. தேடுவது இல்லாமையின் அடையாளமா, வாழும் முறையா என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது.

பழைய கருவியோடு வைத்துப் பார்த்தால் இதன் அருமை தெரியும். ஜேம்ஸ் க்ரம்பாவும் லெனார்ட் மஹாலிக்கும் 1964-ல் உருவாக்கிய 'வாழ்க்கை நோக்கத் தேர்வு' 20 கேள்விகள் கொண்டது, 20-லிருந்து 140 வரை ஒரே மொத்தம். அதில் சலிப்பு, உற்சாகம், மரணத்துக்குத் தயாராக இருப்பது, தற்கொலை எண்ணம் எல்லாம் கலந்திருக்கின்றன. மனச்சோர்வைத்தான் அளக்கிறதோ என்ற சந்தேகம் எழுவது இயல்பு. அதைவிடக் கடுமையான குறை பதினாலாவது கேள்வியில் இருக்கிறது. மனிதன் பரம்பரைக்கும் சூழலுக்கும் முழுக்கக் கட்டுப்பட்டவன் என்றால் குறைந்த மதிப்பெண், முழுச் சுதந்திரம் உள்ளவன் என்றால் அதிகம். எல்லாம் முன்பே தீர்மானிக்கப்பட்டது என்று நம்பிக்கொண்டே நிறைவாக வாழ்பவருக்கு அங்கே மதிப்பெண் வெட்டு! ஒரு தத்துவத்தை நம்பாததற்கு அபராதம் போடும் தாளை, மாறுபட்ட பார்வை உள்ளவர்கள் கூடும் இடத்தில் வைக்கவே கூடாது.

புதிய கருவியிலும் இதே குறை தலைகாட்டுகிறது. ஆய்வாளர்கள் ஜார்ஜும் பார்க்கும் 2017-ல் கொண்டுவந்த அளவுகோலில் 15 வாக்கியங்கள்: புரிதல், நோக்கம், தன் வாழ்வு பொருட்படுத்தத் தக்கது என்ற உணர்வு, ஒவ்வொன்றுக்கும் ஐந்து. மூன்றையும் பிரித்தது நல்ல வேலை, எம்.எல்.க்யூ.வில் இவை குழம்பிக் கிடக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் மூன்றாவது பகுதி, பிரபஞ்சம் அளவுக்கு விரித்துப் பார்த்தாலும் என் வாழ்வு பொருட்டா என்று கேட்கிறது. பிரபஞ்சத்துக்கு நான் ஒரு பொருட்டே இல்லை, என் பிள்ளைக்கு நான்தான் எல்லாம் என்பவருக்கு அங்கே எண் சரியும்.

எம்.எல்.க்யூ.வுக்கும் ஒரு குருட்டு இடம் உண்டு. இருப்பு 12, தேடல் 7 என்று ஒருவர் தாளை நீட்டினால் உடனே பரிதாபப்படத் தோன்றும். ஜெர்மனியில் தாட்யானா ஷ்னெல் 2010-ல் வெளியிட்ட ஆய்வில் ஏறக்குறைய 35 சதவீதம் பேர் இந்த மாதிரிதான்: அர்த்தம் இருப்பதாகவும் உணரவில்லை, இல்லையே என்று நெருக்கடியிலும் இல்லை. மனச்சோர்விலும் பதற்றத்திலும் அவர்கள் மற்றவர்களைவிட மோசமாக இல்லை. வாழ்க்கை நிறைவு மட்டும், அர்த்தம் உணர்பவர்களைவிடக் குறைவு. நெருக்கடி இருக்கிறதா என்று எம்.எல்.க்யூ. நேரடியாகக் கேட்பதில்லை, ஆகவே வாயால் கேட்க வேண்டும். வாழ்வதே வேண்டாம் என்கிற தொனி பேச்சில் வந்தால் தாளை மூடிவைத்துவிட்டு, அவரைத் தனியே விடாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். இது நோய் கண்டறியும் கருவி அல்ல.

அர்த்தம் எதில் இருக்கிறது என்ற அடுத்த கேள்விக்கு இன்னொரு கருவி வேண்டும். பீட்டர் லா கூரும் ஷ்னெலும் 2020-ல் விவரித்த அட்டை முறை நன்றாகப் பொருந்துகிறது. 26 அட்டை, ஒவ்வொன்றிலும் அர்த்தம் தரும் ஒரு விஷயம். தனக்கு முக்கியமான மூன்று முதல் ஐந்து வரை எடுத்து, ஒவ்வொன்றையும் பற்றிப் பேச வேண்டும். இதில் சொதப்பும் இடம் ஒன்று: தான் மதிப்பதை எடுப்பார்கள், தான் வாழ்வதை அல்ல. 'பிறர் நலம்' அட்டையை எடுக்காமலிருக்கக் கூச்சப்படுவார்கள். 'போன வாரம் எந்தக் கிழமை, என்ன செய்தீர்கள்?' என்று கேளுங்கள். பதில் வராத அட்டையைத் திரும்ப வைக்கச் சொல்லலாம், அல்லது 'செய்ய நினைப்பது' என்று தனியே ஒதுக்கலாம். ஒதுக்கிய அட்டை பற்றித்தான் பெரும்பாலும் நல்ல பேச்சு நடக்கும்.

இருவராகச் செய்வதென்றால் முதலில் தனித்தனியே தாள், பிறகு அட்டை, கடைசியில்தான் எண்களைக் காட்டிக்கொள்வது. எண்ணை முதலில் காட்டினால் 31 வாங்கியவர் 19 வாங்கியவருக்குப் புத்தி சொல்லத் தொடங்கிவிடுவார். மீண்டும் நிரப்பக் குறைந்தது ஒரு மாதம் விடுங்கள். தயாரித்தவர்களே ஒரு மாதம் கழித்து அதே ஆட்களிடம் கொடுத்துப் பார்த்தபோது, இரு விடைகளுக்கும் இடையிலான ஒட்டுறவு (முழுக்க ஒத்துப்போனால் 1) இரண்டு பக்கத்திலும் 0.7-ஐ ஒட்டித்தான் இருந்தது. எனவே இரண்டு மூன்று புள்ளி ஏறியிறங்குவதை மாற்றம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏழெட்டுப் புள்ளி நகர்ந்திருந்தால், பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் வைத்து, எந்த வாக்கியத்தில் நகர்ந்தது என்று வரிவரியாகப் பாருங்கள்.